நாலு நிமிஷத்தில் ஒரு தலை

அத்தியாயம் 14

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: மனிதத் தலைக்குள் வழி தெரியாமல் தடவிக்கொண்டிருந்த மருத்துவ உலகின் இருண்ட காலம், இன்று காலை சரியாகப் பத்தரை மணிக்கு, ஒரு பெரிய ஓட்டலின் இரண்டாம் மாடிக் கூடத்தில் முடிவுக்கு வருகிறது. அறுவை சிகிச்சைக்கு வழிகாட்டும் இயந்திரங்களின் சந்தை ஆண்டுக்கு இரண்டு இலக்க சதவிகிதத்தில் வளர்ந்து, மேலும் வளர்ந்து, இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகவிருக்கிறது. வருகை தரும் அனைவருக்கும் காபி உண்டு.

அழைப்பிதழில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. இவற்றில் காபி மட்டும் நிச்சயம்.

அறிவித்தவன் நம் பெரியவன். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவனைத் தெரியும். இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காகச் சுருக்கமாக: பெரியவன் விற்பது தலைக்குள் வழி சொல்லும் இயந்திரம். காரில் ஒரு குரல் 'இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்' என்று சொல்கிறதல்லவா, அதே வேலை. சாலைக்குப் பதில் மூளை. அவன் தங்கை சின்னவள், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் அதே இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன். அண்ணன் விற்கிறான், தங்கை ஓட்டுகிறாள். குடும்பத் தொழில் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு இதுதான் உண்டு.

அம்மா நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவள். இரண்டு மாதமாக அம்மாவிடமிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாகத் தொலைந்துகொண்டிருக்கின்றன. முதலில் கரண்டி போயிற்று. பிறகு தலையணை, செருப்பு. போன வாரம் ஸ்கேன் காரணத்தைக் காட்டியது. இடப்பக்கம், பேச்சு குடியிருக்கும் இடத்தை ஒட்டி, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. டாக்டர்கள் கட்டிகளைப் பழக்கடை அளவில்தான் சொல்வார்கள். கேட்கிறவர்களுக்கு அதன்பிறகு அந்தப் பழம் தொண்டையில் இறங்காது.

போன அத்தியாயத்தின் கடைசியில் சின்னவள் போனில் சொன்னாள்: "நாளன்னைக்குக் காலைல ஆபரேஷன்ணா. நம்ம மெஷின்லதான்."

அந்த நாளன்னைக்கு இப்போது நாளையாகிவிட்டது.

*

கூட்டம் நடக்கவிருந்த அன்று காலை ஏழரைக்கே பெரியவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அம்மாவைப் பார்க்க அல்ல. அம்மா இருப்பது ஏழாவது மாடி. அவன் போனது தரைக்குக் கீழே இருக்கும் ஸ்டோருக்கு.

அந்த இயந்திரத்தின் உயிர் சாம்பல் நிற உருண்டைகளில் இருக்கிறது. கோலிக்குண்டு அளவுதான். நோயாளியின் தலையைப் பிடித்திருக்கும் கிளாம்பில் சிலவும், டாக்டரின் கருவியில் சிலவும் மாட்டுவார்கள். மேலே நிற்கும் கேமரா இந்த உருண்டைகளைப் பார்த்துத்தான் கருவியின் நுனி மூளையில் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டும். உருண்டை இல்லாவிட்டால் கேமரா குருடு. பொட்டலத்தைப் பிரித்தால் ஒரு ஆபரேஷனோடு சரி. கழுவி மறுபடி மாட்டினால் பளபளப்பு போயிருக்கும். கருவி இல்லாத இடத்தில் இருப்பதாகக் கேமரா காட்டும்.

"உங்க கம்பெனிப் பொருளை எங்ககிட்டயே கேக்கறீங்களே சார்," என்றார் ஸ்டோர்காரர். "நெருப்புப்பெட்டி விக்கிறவர் பக்கத்து வீட்டுல நெருப்பு கேட்ட மாதிரி இருக்கு."

"எங்க பெட்டி கப்பல்ல வந்துட்டிருக்கு. இன்னைக்குக் கூட்டத்துல செஞ்சு காட்டணும். ஒரே ஒரு பொட்டலம்."

"எனக்கென்ன சார். இங்க ஒரு கையெழுத்து."

போட்டான். தூக்கம் கலையாத அந்த மனிதர் அலமாரிக்குள் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பெரியவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அலமாரியைப் பார்க்கவில்லை. ஏழாவது மாடிக்குப் போகும் லிஃப்ட் திறந்துதான் இருந்தது. 'மத்தியானம் வந்துடலாம்' என்று அதனிடமே சொல்வதுபோல முணுமுணுத்துவிட்டுக் கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்தான்.

*

மேடையில் ஒரு பிளாஸ்டிக் தலை. கம்பெனியில் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். மேடையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் கிட்டே வந்து உற்றுப் பார்ப்பார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது.

முதல் ஸ்லைடில் சந்தை வளர்ச்சி. ஒரு கோடு இடது கீழ் மூலையில் புறப்பட்டு வலது மேல் மூலைக்கு ஏறியது. இறங்குகிற கோட்டை யாரும் காபி கொடுத்துக் காட்டுவதில்லை. அடியில் பொடி எழுத்தில் 'ஆதாரம்' என்று இருந்தது. அந்த ஆதாரத்தைத் தேடிப் போனால் இன்னொரு கம்பெனியின் ஸ்லைடில் போய் நிற்கும். அதன் அடியில் ஆதாரமாக இவர்கள் கம்பெனியின் பெயர் இருக்கும்.

இரண்டாவது ஸ்லைடு, சவால்கள். விலை அதிகம். பயிற்சி பெற்ற ஆள் குறைவு. மூத்த டாக்டர்களுக்குத் தயக்கம். இந்த மூன்றுக்கும் சேர்த்துப் பெரியவன் நாற்பது விநாடி ஒதுக்கியிருந்தான். நாலாவதாக ஒரு சவால் உண்டு. அது ஸ்லைடில் இல்லை. அவனுக்கும் அவன் தங்கைக்கும் மட்டும் தெரியும்.

பின்வரிசையிலிருந்து ஒரு மயக்க மருந்து டாக்டர் எழுந்தார். "எங்க ஆஸ்பத்திரியிலயும் இது ஒண்ணு இருக்கு. வாங்கி மூணு வருஷம் ஆச்சு. ஓட்ட ஆளில்ல. இப்ப அதுல நாங்க கவுன் மாட்டி வெச்சிருக்கோம். அதுக்கு ரொம்ப நல்லா இருக்கு."

கூடம் சிரித்தது. பெரியவனும் சிரித்தான், விற்கிறவனுக்கு வாடிக்கையாளரின் நகைச்சுவை எப்போதும் புரிந்தாக வேண்டும். "அதுக்குத்தான் சார் நாங்க இருக்கோம். எங்க மெஷினைத் தயார் பண்ண நாலே நிமிஷம். பாருங்க."

பொட்டலத்தை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக் கிழித்தான். அந்தச் சத்தத்துக்கு ஒரு கவர்ச்சி உண்டு என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உருண்டைகளை மாட்டினான். மாப்பிள்ளையின் நெற்றியிலும் கன்னத்திலும் கருவியை ஓட்டினான். திரையில் தலையும் படமும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. மூன்று நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி. கைதட்டல்.

கூட்டம் கலைந்ததும் ஓட்டல் ஊழியர் மேடையைத் துடைத்தார். காபிக் கோப்பைகளோடு உருண்டைகளும் குப்பைக் கூடைக்குப் போயின. பெரியவன் போனை எடுத்துப் பார்த்தான். தங்கையிடமிருந்து ஆறு அழைப்பு. ஒரே ஒரு செய்தி: 'வா. பேசணும். போன்ல முடியாது.'

*

தியேட்டர் இருக்கும் தளத்தில், பழைய ஸ்ட்ரெச்சர்கள் நிற்கும் நடைகூடத்தின் கோடியில் சின்னவள் நின்றிருந்தாள். தலையில் நீலத் தொப்பி. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தாள்.

"கைதட்டினாங்களா?"

"தட்டினாங்க. என்ன குட்டி, அம்மாவுக்கு ஏதாவது..."

"அம்மாவுக்கு இன்னும் இல்ல. நேத்து ஒரு கேஸ். முப்பத்தஞ்சு வயசு, டீச்சர். திரையில கருவி கட்டிக்குள்ள நிக்குது. நிஜத்துல கட்டிக்கு ஆறு மில்லிமீட்டர் வெளிய நிக்குது."

பெரியவன் சுவரில் சாய்ந்தான். "அப்புறம்?"

"பெரிய டாக்டர் கை அப்படியே நின்னுடுச்சு. 'இது சரியா இல்லையே'ன்னார். மெஷினை அணைச்சுட்டு, பழையபடி கண்ணால பார்த்து, பாதிதான் எடுத்தார். மீதிப் பாதி உள்ளயே இருக்கு. டீச்சர் பிழைச்சுட்டாங்க. அடுத்த வருஷம் மறுபடி வருவாங்க."

"எதனால?"

"எதனாலன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். தலையையும் படத்தையும் பொருத்திய பிறகு கிளாம்பு ஒரு இழை நகர்ந்திருக்கிறது. துணி போர்த்தும்போதோ, திருகை முறுக்கும்போதோ. அதைக் கண்டுபிடிக்கத்தான் மெஷினில் சரிபார்ப்பு என்று ஒரு படி இருக்கிறது. மூக்கு நுனி, புருவ நடு, காது முன்பக்கம் என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டு, திரையும் அதே இடத்தைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். துணி போர்த்திய பின் மறுபடியும் ஒருமுறை. இதற்கு ஏழு நிமிஷம். அதை முடிக்காமல் மெஷின் மேலே போகவிடாது.

விடாது என்றால், பெரியவன் வருகிற வரை விடாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆஸ்பத்திரிக்கு டெண்டர் நடந்தபோது போட்டிக் கம்பெனி 'ஐந்தே நிமிடம்' என்று அறிவித்தது. பெரியவனின் மெஷினுக்குப் பதினொன்று. மாப்பிள்ளை தலைக்குச் சரிபார்ப்பு தேவையில்லை. பிளாஸ்டிக்குக்குத் தோல் நகராது, கிளாம்பு வழுக்காது. அதனால் செய்து காட்டும்போது கம்பெனி பாஸ்வேர்டைப் போட்டு அந்தப் படியை அணைத்துவிடுவது அவர்களுடைய வழக்கம். டெண்டர் கிடைத்தது. மெஷின் வந்து இறங்கியது. பெரிய டாக்டர் கேட்டார்: "நாலு நிமிஷம்னீங்களே, இங்க பதினொண்ணு ஆகுதே?" பெரியவன் பாஸ்வேர்டைப் போட்டான். நிஜத் தலைகளுக்கும் நாலு நிமிஷம் ஆயிற்று.

பொம்மைக்குச் செய்ததை மனிதருக்கும் செய்ததுதான் அவன் தப்பு. அவனைத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றியிருக்காது. அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாரிடமும் பொம்மையும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை.

"நீதான் எனக்குச் சொல்லிக் குடுத்தே," என்றாள் சின்னவள். "'இந்தத் திரை வராது, பயப்படாதே'ன்னே. அண்ணன் சொல்றானேன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன். அறுபத்தோரு ஆபரேஷன். நேத்து ராத்திரி உக்காந்து ஒவ்வொரு பேரா நெனச்சுப் பார்த்தேன். எத்தனை பேருக்கு நகர்ந்துச்சோ. யாரு பார்த்தா?"

பெரியவன் நடைகூடத்தின் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சரி. அம்மாவுக்கு மட்டும் அதைப் போட்டுடறேன். நாளைக்கு ஒரு நாள். யாருக்கும் தெரியாது."

"அம்மாவுக்கு மட்டும்?"

"ஆமா."

"மத்த அறுபத்தோரு பேரும் யாரோட அம்மா அப்பாவும் இல்லையா?"

"கத்தாதே குட்டி. இன்னைக்கு அஞ்சு மணிக்குப் பன்னிரண்டு ஆஸ்பத்திரி டெண்டர் முடியுது. நாலு நிமிஷம்னு இந்த ஆஸ்பத்திரி குடுத்த சான்றிதழை வெச்சுத்தான் கம்பெனி நிக்குது. நான் இப்ப வாயைத் திறந்தா..."

"உனக்கு வேலை போயிடும்."

"போயிடும்."

"அம்மாவுக்குப் பேச்சு போயிடும்," என்றாள் சின்னவள். முகக்கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டு தியேட்டருக்குள் போய்விட்டாள்.

*

அம்மாவின் தலையில் இடப்பக்கம் மழித்திருந்தார்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"பாதியில கரண்டு போன சலூன் மாதிரி இல்ல?" என்றாள்.

"நல்லாத்தான்மா இருக்கு."

"விக்கிறவன் வாயில வேற என்ன வரும். காபி வாங்கிட்டு வந்தியா? சக்கரை அடியில நிக்குது பாரு. அந்த... கலக்கறது... குடு."

ஸ்பூனை எடுத்துக் கொடுத்தான். அது என்னவென்று இருவருமே சொல்லவில்லை.

"நாளைக்கு உன் பொட்டிதானாமே."

"ஆமாம்மா. உலகத்துலயே ரொம்பத் துல்லியமான..."

"மேடைப் பேச்சை மேடையில வெச்சுக்கோ. எந்தக் கல்லுலேருந்து அளக்கறீங்க?"

நிலத்தில் எல்லா அளவும் ஓர் எல்லைக்கல்லில் தொடங்கும். முப்பத்திரண்டு வருஷம் அம்மா முதலில் கேட்ட கேள்வி அதுவாகத்தான் இருந்தது. கரண்டியைக் கொண்டுபோன கட்டி அந்தக் கேள்வியை இன்னும் தொடவில்லை.

"மூக்கு, புருவம், காது. அதுலேருந்து."

"கல்லு நகர்ந்திருந்தா?"

பெரியவன் காபிக் கோப்பையின் மூடியைப் பிரித்து மறுபடி மூடினான்.

"படம் எப்பவுமே சரியாத்தான்டா இருக்கும். நான் வரைஞ்சதுல பார்க்க அசிங்கமா ஒரு படம்கூடக் கிடையாது. கொண்டுபோய் மண்ணு மேல வைக்கறப்பதான் வண்டவாளம் தெரியும்." அம்மா காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்; சர்க்கரை எப்போதோ கரைந்திருந்தது. "ஒரு தடவை யாரோ கல்லை நகத்தி வெச்சிருக்கான். எனக்கு வந்த அளவை நான் வரைஞ்சேன். எல்லைக்கோடு ஒரு வீட்டு அடுப்படிக்குள்ள போச்சு. ரெண்டு குடும்பம் பதினெட்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாங்க. அளவு பொருந்தலைன்னு எனக்கு ஒரு மாசத்துலயே தெரிஞ்சு போச்சு."

"நீ சொல்லலையா?"

"யாரும் கேக்கல. கேட்டாதானே சொல்றதுக்கு. அந்த... எழுதறது... அதைச் சீவிக்கிட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டேன்."

"பென்சில்."

"நீ எடுத்துக் குடுக்காதே. நானே தேடிக்கறேன்." சிறிது நேரம் தேடினாள். கிடைக்கவில்லை. கோப்பையை மேசைமேல் வைத்தாள். "நான் போறதைப் பத்திப் பயமில்லடா. இருந்துட்டு, பேச்சு மட்டும் போச்சுன்னா? உங்க ரெண்டு பேரையும் யாரு திட்டுவா? ஊர்ல வேற யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது."

சிரிக்க வேண்டிய இடம்தான். அவனால் முடியவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூஞ்சி ஏன்டா இப்படி இருக்கு? உன்கிட்டயும் யாரும் கேக்கலையா?"

*

பெரிய டாக்டரின் அறைச் சுவரில் அவரே பதினோரு படங்களில் இருந்தார். பத்தில் கை குலுக்கினார்; ஒன்றில் ரிப்பன் வெட்டினார். அந்த ரிப்பனுக்குப் பின்னால் நின்றது பெரியவன் விற்ற மெஷின். மேசைமேல் அவருடைய கட்டுரை, சட்டம் போட்டு. தலைப்பில் 'நான்கு நிமிடங்கள்' என்ற சொற்கள் பெரிதாக இருந்தன.

பெரியவன் நின்றபடியே சொன்னான். நாலு இல்லை, பதினொன்று. பொம்மைக்கு அணைத்ததை இங்கேயும் அணைத்தேன். நேற்று நடந்தது அதனால்தான்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேனேஜர், இந்த நாலு நிமிஷத்தை நான் மூணு மாநாட்டுல பேசியிருக்கேன்."

"தெரியும் சார்."

"எனக்குப் பட்டயம் குடுத்தாங்க."

"தெரியும் சார். கம்பெனிதான் குடுத்துச்சு."

பெரிய டாக்டர் கட்டுரையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, மாநாட்டில் யாரும் கேட்டிராத ஒரு குரலில் பேசினார்.

"நேத்து என் கை நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னு இப்பவும் எனக்குத் தெரியல. முப்பது வருஷப் பழக்கம்னு வெளிய சொல்லிக்கலாம். நின்னிருக்கலேன்னா அந்த டீச்சர் இன்னைக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்க மாட்டாங்க." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "உங்கம்மா கேஸ்ல அந்தப் பழக்கம் உதவாது. பேச்சுக்கு அவ்வளவு கிட்ட. மெஷின் இல்லாம நான் அந்த ஓரத்துக்குப் போக மாட்டேன். தள்ளியும் போட முடியாது, வீக்கம் ஏறிட்டே இருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டா மிச்சம் இருக்கற வார்த்தையும் போயிடும்."

"பதினோரு நிமிஷம் எடுத்துக்குங்க சார்."

"எங்க மயக்க மருந்து டாக்டர் கத்துவார்."

"கத்தட்டும் சார்."

"சரி. நாளைக்குப் பதினொண்ணு."

"நாளைக்கு மட்டும் இல்ல சார்."

பெரிய டாக்டர் சுவரிலிருந்த ரிப்பன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "போய்ப் பண்ணுங்க," என்றார். "கதவைச் சாத்திட்டுப் போங்க."

*

நாலே முக்காலுக்குத் தியேட்டர் காலியாக இருந்தது. கழுவிய தரை இன்னும் காயவில்லை. சின்னவள் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து சுவர்ப் பிளக்கில் மாட்டினாள். பெரியவன் பாஸ்வேர்டைப் போட்டான்.

சரிபார்ப்பை மறுபடி போடத் திரை இரண்டு வழி கொடுத்தது. 'இந்த ஒரு ஆபரேஷனுக்கு மட்டும்.' இதற்குக் காரணம் எழுத வேண்டாம். நாளை மாலை தானாகவே பழையபடி அணைந்துவிடும். 'நிரந்தரமாக.' இதற்குக் கீழே காரணம் எழுத ஒரு கட்டம். அதில் எழுதுவது தலைமை அலுவலகத்துக்கும், இந்த மெஷின் வைத்திருக்கும் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அந்த நிமிஷமே போய்விடும்.

மெஷின் செய்தவர்களுக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. முதல் பொத்தானைப் பெரிதாக, பச்சையில் வைத்திருந்தார்கள்.

பெரியவனின் விரல் பச்சைக்கு மேலே நின்றது. சின்னவள் கையுறைப் பெட்டியை நேராக்கி வைத்தாள். நேராக இருந்த பெட்டியை மறுபடியும் நேராக்கினாள்.

போன் அடித்தது. தலைமை அலுவலகம். டெண்டர் கடைசி நேர வாழ்த்துக்காக இருக்கும்.

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். இரண்டாவது பொத்தானை அழுத்தினான். கட்டத்தில் தட்டினான்: 'நாலு நிமிடம் என்று நான் சொன்னது பொம்மைத் தலைக்கு. மனிதர்களுக்குப் பதினொன்று. சரிபார்ப்பை அணைத்தவன் நான்.' கீழே தன் பெயரை எழுதினான். இருபது வருஷமாக எழுதியதிலேயே பெயரடை இல்லாத முதல் அறிக்கை அதுதான்.

அனுப்பியாயிற்று. திரையில் இரண்டு வருஷமாக வராத அந்தப் பக்கம் வந்தது: 'மூக்கு நுனியைத் தொடவும்.'

சின்னவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மறந்தே போச்சுண்ணா, இது எப்படி இருக்கும்னு."

"நேத்தே என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம் நீ."

"நேத்து நீ ஸ்லைடு போட்டுட்டு இருந்தே." ஸ்டூலை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் அவனுக்கு உட்கார இடம் கொடுத்தது இதுவே முதல் தடவை. "உக்காரு. எப்பவோ செத்துப்போன மாதிரி இருக்கே. இனிமே என்ன பண்ணுவே?"

"ஓட்ட ஆளில்லாம கவுன் மாட்டி வெச்சிருக்கற ஒரு மெஷின் இருக்கு. போய்க் கேக்கணும்."

"கவுனுக்கு வேற ஸ்டாண்டு வாங்கித் தந்தாத்தான் சேத்துப்பாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கு முதல்முறையாக. சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து மணி ஆகியிருந்தது. எங்கேயோ ஓர் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளின் டெண்டர்ப் பெட்டியைப் பூட்டியிருப்பார்கள்.

"நாளைக்கு ஏழு மணிக்கே அம்மாவை உள்ள கொண்டு வந்துடுவாங்க. எல்லாத்தையும் இப்பவே எடுத்து வெச்சுட்டா நிம்மதி. மூணு தடவை தொட்டுப் பார்க்கப் போறேன், எவன் கத்தினாலும் சரி. நீ இங்கயே இரு, ஸ்டோருக்குப் போயிட்டு வரேன்."

போனாள். பெரியவன் ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலை நீட்டித் தன் மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது.

பத்து நிமிஷம் கழித்துச் சின்னவள் வந்தாள். கையில் ஒரு அட்டைப் பெட்டி. அதை மேசைமேல் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

"உருண்டை ஒரே ஒரு பொட்டலம்தான் பாக்கி இருந்துச்சு. அம்மாவுக்குன்னு ஒதுக்கி வைங்கன்னு ராத்திரி ஷிஃப்ட் ஆளுகிட்ட சொல்லியிருந்தேன். காலைல வந்தவருக்கு அது தெரியல." ஸ்டோர் நோட்டிலிருந்து போனில் எடுத்த படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "உன் கையெழுத்துதானே?"

பெரியவன் பார்த்தான். அழகான கையெழுத்து.

அடுத்த பெட்டி வர ஒன்பது நாள் ஆகும்.